கைபேசிக்குக் கார்டின் வரம்பு வேண்டாம்: பிரித்தானியத் தமிழ்க் கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் வெம்பிளியிலும் ஹரோவிலும், லண்டனுக்கு வெளியே லெஸ்டரிலும் பர்மிங்ஹாமிலும் கடை நடத்தும் தமிழ் உறவுகளுக்கும், அந்தக் கடைகளின் கவுண்டரில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் தம்பி தங்கையருக்கும்:

கைபேசியால் பணம் கட்ட வருபவரிடம், "நூறு பவுணுக்கு மேல் ஃபோனால் கட்ட ஏலாது, கார்டைப் போட்டுப் பின் நம்பரை அடியுங்கோ" என்று சொல்லும் வழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது. மெஷினுக்குப் பக்கத்தில் அதை எழுதி ஒட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. வேறு சில கடைகளில் யாரும் எதுவும் சொல்வதில்லை, மெஷினே மறுத்துவிடுகிறது. ஏன் மறுத்தது என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. இரண்டு அரிசி மூட்டையும் ஒரு வீட்டு விசேஷத்துக்கான பலசரக்கும் சேர்ந்தாலே நூறு பவுணைத் தாண்டிவிடும். புடவைக் கடையிலும் நகைக் கடையிலும் அந்தத் தொகை ஒரு தொடக்கமே தவிர எல்லையல்ல. ஆகவே இது உங்கள் வியாபாரத்தைத் தினமும் தொடுகிற விஷயம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: கைபேசியால் பணம் கட்டுபவருக்கு உங்கள் கவுண்டர் எந்த உச்சவரம்பையும் விதிக்க வேண்டாம். வரம்பு வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு என்பதைப் பணத்துக்கு உரியவரும் அவருடைய வங்கியும் தீர்மானிக்கட்டும். இதை நல்லெண்ணத்துக்காகக் கேட்கவில்லை. அந்த நூறு பவுண் வரம்பு எதற்காக வந்தது என்று பார்த்தால், அதைக் கைபேசிக்குப் பொருத்துவதற்கு நியாயமே இல்லை என்பது தெளிவாகும்.

பிரித்தானியாவில் கடைக் கொடுப்பனவுகளுக்குப் பின் நம்பர் கட்டாயமானது 2006 பெப்ரவரியில். கையெழுத்தைப் பார்த்து ஒப்பிடுவதைவிட நான்கு இலக்க ரகசிய எண் பாதுகாப்பானது என்பதே அதற்குக் காரணம். அடுத்த ஆண்டே, 2007 செப்டம்பரில், தொட்டுச் செலுத்தும் கார்டு வந்தது. பின் நம்பர் கேட்காமல் பணம் போய்விடும் என்பதால், கார்டு தொலைந்தால் இழப்பு சிறிதாக இருக்க வேண்டுமென்று 10 பவுண் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பு 2010இல் 15 ஆனது, 2012இல் 20 ஆனது, 2015 செப்டம்பரில் 30 ஆனது. கொரோனாத் தொற்றின் போது விசைகளைத் தொடாமல் இருப்பதற்காக 2020 ஏப்ரல் 1ஆம் தேதி 45 பவுணாக உயர்த்தினார்கள். 2021 அக்டோபர் 15இல் அது 100 பவுண் ஆனது. இந்த ஏணிப்படி முழுவதும் பிளாஸ்டிக் கார்டுக்காகவே கட்டப்பட்டது. கையில் கார்டை வைத்திருப்பவர் அதன் சொந்தக்காரர்தானா என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததற்கு ஈடாக ஒரு தொகை வரம்பு. இதைத் தவிர வேறு காரணம் அதற்கு ஒருபோதும் இருந்ததில்லை.

2015 ஜூலை 14இல் ஆப்பிள் பே பிரித்தானியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் கூகிளின் ஆண்ட்ராய்ட் பே வந்தது. இரண்டும் அதே மெஷினில், அதே அலைவரிசையில் வேலை செய்ததால், கைபேசியும் இன்னொரு தொட்டுச் செலுத்தும் கார்டுதான் என்ற எண்ணம் கடைகளில் வேரூன்றிவிட்டது. அன்று பெரும்பாலான மெஷின்கள் கைபேசிக்கென்று புதுப்பிக்கப்படவுமில்லை. ஆகவே அப்போது கார்டுக்கு இருந்த வரம்பே கைபேசிக்கும் பல கடைகளில் பொருந்தியது. அந்தக் காலத்துப் பழக்கம்தான் தொகையை மட்டும் மாற்றிக்கொண்டு இன்றுவரை நீடிக்கிறது.

ஆனால் கைபேசி கார்டைப் போன்றதல்ல. பணம் கட்டுபவர் யார் என்பதை உறுதி செய்யச் சட்டம் மூன்று வகைச் சான்றுகளை ஏற்கிறது: அவரிடம் இருக்கும் ஒரு பொருள், அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு தகவல், அவருடைய உடலின் ஓர் அடையாளம். இவற்றில் இரண்டு சேர்ந்தால்தான் அது வலுவான உறுதிப்பாடு. கார்டை மெஷினில் செருகிப் பின் நம்பர் அடித்தால் பொருளும் தகவலுமாக இரண்டும் வந்துவிடுகின்றன. கார்டை வெறுமனே தொட்டால் பொருள் மட்டும்தான் இருக்கிறது, இரண்டாவது இல்லை. அந்த இரண்டாவதைக் கேட்காமல் விடச் சட்டம் கொடுத்த விலக்குக்குத்தான் 100 பவுண் வரம்பு வைத்தார்கள். தொடர்ந்து ஐந்து முறை தொட்டாலோ மொத்தம் 300 பவுணைத் தாண்டினாலோ பின் நம்பர் கேட்கவேண்டும் என்பதும் அதே விலக்கின் ஒரு பகுதியாக இருந்தது. கைபேசியில் முகத்தையோ விரலையோ காட்டியோ திறவுஎண்ணை அடித்தோ ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பணம் போகிறது. பொருளும் இருக்கிறது, இரண்டாவது சான்றும் இருக்கிறது. விலக்கே தேவைப்படாத ஒரு கொடுப்பனவுக்கு அந்த விலக்கின் வரம்பை விதிப்பது, பின் நம்பர் சரியாக அடித்தவரிடம் நூறு பவுணுக்கு மேல் வாங்கமாட்டோம் என்று சொல்வதற்குச் சமம். அப்படி ஒரு கடையிலும் யாரும் சொல்வதில்லை.

சொல்லப்போனால் கைபேசியின் உறுதிப்பாடு பின் நம்பரைவிட ஒரு படி மேலே. நான்கு இலக்க எண்ணை ஒருவர் குருட்டாம்போக்கில் ஒரே முறையில் சரியாக ஊகிக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. வேறொருவரின் விரல் ஐஃபோனைத் திறந்துவிடும் வாய்ப்பு 50,000இல் ஒன்று என்றும், வேறொருவரின் முகம் திறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றும் ஆப்பிள் நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்த எண்கள் நிறுவனத்தின் சொந்தக் கூற்று என்பதை மறக்கத் தேவையில்லை. பாதியாகக் குறைத்து எடுத்துக்கொண்டாலும் முடிவு மாறாது. அதோடு, கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண் கைபேசியிலிருந்து உங்கள் மெஷினுக்கு வருவதே இல்லை. அந்தக் கைபேசிக்கென்று வழங்கப்பட்ட ஒரு மாற்று எண்ணும், அந்த ஒரு கொடுப்பனவுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு குறியீடும்தான் வருகின்றன. உங்கள் கணினியிலோ மெஷினிலோ எவராவது கைவைத்துத் திருடினாலும், அவற்றை வைத்து வேறிடத்தில் ஒரு பைசாவுக்குப் பொருள் வாங்க முடியாது.

மெஷின்களை வடிவமைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். மாஸ்டர்கார்டின் தொழில்நுட்ப நியமத்தில், தொட்டுச் செலுத்துவதற்கு மெஷினுக்குள் இரண்டு தனித்தனி வரம்புகள் உண்டு. ஒன்று, சாதனத்தில் ஆளை உறுதி செய்யாத கொடுப்பனவுக்கு, அதாவது கார்டுக்கு. மற்றது, சாதனத்திலேயே ஆளை உறுதி செய்த கொடுப்பனவுக்கு, அதாவது கைபேசிக்கும் கைக்கடிகாரத்துக்கும். இரண்டாவது வரம்பை மிக உயர்ந்த தொகையாக வைத்துக்கொள்ளலாம். மெஷினைத் தந்த நிறுவனம் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைப் போட்டிருந்தாலோ, பழைய மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலோதான் உங்கள் மெஷின் கைபேசியை 100 பவுணில் நிறுத்துகிறது. அது சட்டமல்ல, வங்கியின் முடிவுமல்ல. மெஷினுக்குள் தவறாகப் பதிந்துகிடக்கும் ஓர் எண் மட்டுமே. ஒரு தொலைபேசி அழைப்பில் திருத்திவிடக்கூடியது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை அதிகாரசபை, 100 பவுண் என்ற அந்தச் சட்ட வரம்பையே தளர்த்திவிட்டது. 2025இல் கருத்துக் கேட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் முடிவை அறிவித்து, 2026 மார்ச்சிலிருந்து கார்டு வழங்கும் வங்கிகளே தங்கள் மோசடித் தடுப்பின் வலிமையைப் பொறுத்து வரம்பைத் தீர்மானிக்கலாம் என்று விட்டது. வங்கிகள் உடனே வரம்பை உயர்த்தப் பாய்ந்துவிடவில்லை. அதிகாரசபை பொதுமக்களிடம் கேட்டபோதும் பெரும்பாலோர் மாற்றம் வேண்டாம் என்றே சொன்னார்கள், பிளாஸ்டிக் கார்டைப் பொறுத்தவரை அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் இதன் விளைவு ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இதுவரை கார்டுக்கான சட்ட வரம்பு என்பது எல்லாருக்கும் பொதுவான ஒரே எண்ணாக இருந்தது, சுவரில் எழுதி ஒட்டினால் பொய்யாகாது. இனி ஒரு வங்கிக்கு ஓர் எண், இன்னொரு வங்கிக்கு வேறோர் எண் என்று வரும். வாடிக்கையாளரே தனக்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளும் வசதியைத் தரும்படி அதிகாரசபையும் வங்கிகளை ஊக்குவிக்கிறது. அப்படியொரு காலத்தில் கடைச் சுவரில் இருக்கும் ஒற்றை எண் எவருக்கும் பொருந்தாது. சட்டமே கைவிட்ட ஒரு தொகையைக் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் இடமாக உங்கள் கவுண்டர் இருக்க வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்திலிருந்து வரக்கூடிய முதல் கேள்வி எனக்குத் தெரியும்: மோசடி நடந்தால் யார் தலையில் விழும்? சிறு கடைக்காரருக்கு இந்தப் பயம் வந்ததில் வியப்பில்லை. இந்த நாட்டில் ஒரு கணினி சொன்னதை நம்பி அஞ்சலக நடத்துனர்கள் 900க்கும் மேற்பட்டோரைக் குற்றவாளிகளாக்கினார்கள். ஹொரைசன் என்ற அந்த மென்பொருளின் பிழைக்காகத் தெற்காசியச் சிறு வணிகர்கள் பலர் சொத்தையும் பெயரையும் இழந்தார்கள். திரையில் தெரிவதைச் சந்தேகிக்கும் உரிமையை நம்மவர்கள் விலை கொடுத்தே வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கைபேசிக் கொடுப்பனவில் பொறுப்பு வேறு விதமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கடையில் நேரில் நடந்து, சாதனத்தில் ஆளை உறுதிசெய்து, வங்கி ஒப்புதல் கொடுத்த ஒரு கொடுப்பனவு பின்னால் மோசடியென்று தெரிந்தால், அந்த இழப்பு பொதுவாகக் கார்டை வழங்கிய வங்கியைச் சேரும், கடையைச் சேராது. வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு உண்டு. தான் ஒப்புதல் கொடுக்காத கொடுப்பனவு என்று அவர் தெரிவித்தால், மறுவேலைநாள் முடிவதற்குள் வங்கி பணத்தைத் திருப்ப வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் கொடுப்பனவுச் சேவை விதிகள். மோசடியோ பெரும் அலட்சியமோ அவர் பக்கம் இல்லாதவரை, அவர் ஏற்கவேண்டிய பங்கு அதிகபட்சம் 35 பவுண். கடைக்காரர் உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று: தொலைபேசியில் கார்டு எண்ணைச் சொல்லக் கேட்டுக் கையால் அடித்துப் பணம் எடுப்பது. அங்கேதான் இழப்பு உங்கள் மேல் வந்து விழும். கைபேசியைத் தடுத்துவிட்டு, பெரிய தொகைக்கு அந்த வழியைத் திறந்து வைத்திருக்கும் கடை, பாதுகாப்பான கதவைப் பூட்டி மற்றதைத் திறந்து விட்டிருக்கிறது.

நகைக் கடைக்காரர்கள் தங்கள் நிலை வேறு என்பார்கள். ஒரு தடவையில் இரண்டாயிரம் மூவாயிரம் பவுண், கையில் எடுத்துக்கொண்டு போய் உருக்கிவிடக்கூடிய பொருள், ஆகவே கூடுதல் கவனம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. அந்தக் கவனத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பெரிய தொகைக்கு அடையாள அட்டையைக் கேட்பது, ரசீதில் பெயரும் முகவரியும் எழுதுவது, பதற்றமாகத் தெரிபவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது ஆகியவை கார்டுக்கும் கைபேசிக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். பின் நம்பர் அடித்தால் மூவாயிரம் வாங்குவோம், முகத்தைக் காட்டினால் நூறுதான் வாங்குவோம் என்பதில் மட்டும் கவனம் எதுவுமில்லை. பின் நம்பர் அடித்த கொடுப்பனவுக்குள்ள அதே ஒப்புதல், அதே வங்கி விசாரணை, அதே பொறுப்புப் பிரிவினை கைபேசிக்கும் உண்டு.

அடுத்தது திருட்டு. லண்டன் தெருக்களில் மின்சைக்கிளில் வந்து கைபேசியைப் பறிப்பது எவ்வளவு பெருகிவிட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். பறித்த ஃபோனைக் கொண்டுவந்து நம் கடையில் பெரிய தொகைக்குச் சாமான் வாங்கினால் என்ன செய்வது என்ற கேள்வி இயல்பானது. திறந்த நிலையில் பறித்த ஐஃபோனில்கூடப் பணம் கட்டும்போது மறுபடி முகமோ விரலோ திறவுஎண்ணோ கேட்கும். திருடன் அந்த எண்ணை முன்பே எட்டிப் பார்த்து வைத்திருந்தால் கட்டலாம் என்பது உண்மை. பின் நம்பரை எட்டிப் பார்த்துவிட்டுக் கார்டைத் திருடுபவனுக்கும் அதே வழி திறந்துதான் இருக்கிறது, அங்கே நீங்கள் நூறு பவுண் வரம்பு போடுவதில்லை. எந்த வழியிலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. கைபேசி கார்டைவிட ஆபத்தானதா என்பதே கேள்வி, ஆபத்தானதல்ல என்பதே அதற்குப் பதில். இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: உறுதிப்பாடே இல்லாத கார்டுத் தொடுகைகளையும் சேர்த்துப் பார்த்தால்கூட, தொட்டுச் செலுத்தும் 100 பவுணில் மோசடியாகப் போவது இரண்டு பென்சுக்கும் குறைவு.

இதைவிடக் கடினமான ஓர் எதிர்வாதம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2021இல் பர்மிங்ஹாம், சரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூட்டிய ஐஃபோனிலிருந்து முகமோ விரலோ கேட்காமலே 1,000 பவுண் எடுத்துக் காட்டினார்கள். ரயில் நிலையத் தடுப்பில் ஃபோனைத் திறக்காமலே தொட்டுப் போகும் பயண வசதியில் விசா கார்டு இணைக்கப்பட்டிருந்தால், ஒரு கருவி தானே ரயில் தடுப்பு என்று ஐஃபோனை ஏமாற்றி, அந்தச் சமிக்ஞையைக் கடை மெஷினுக்குக் கடத்திவிட முடிந்தது. கைபேசி எப்போதும் ஆளைக் கேட்கும் என்ற என் வாதத்தில் இது ஒரு துளை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துளையைக் கடைச் சுவரில் ஒட்டிய காகிதம் அடைக்காது. இந்த வேலையைச் செய்பவன் தனக்கு வசதியான மெஷினைத் தானே தேர்ந்தெடுப்பான். உங்கள் கடைக்கு வந்து வரம்புக்குக் கட்டுப்பட்டு நிற்கமாட்டான். அடைக்க வேண்டியவர்கள் ஆப்பிளும் விசாவும். அதுவரை, பயண வசதியில் விசா கார்டை வைக்காமல் விடுவது ஒவ்வொருவரும் தன் ஃபோனில் செய்துகொள்ளக்கூடியது. சுரங்க ரயிலில் தினமும் போய்வரும் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லி வைத்தால் அது அவர்களுக்கு உண்மையான உதவி.

இனி கட்டணம். பல கடைக்காரர்களின் மனதில் உண்மையில் உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன், அந்த உறுத்தலில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. தனிநபர் டெபிட் கார்டு என்றால் 0.2 சதவீதம், கிரெடிட் கார்டு என்றால் 0.3 சதவீதம் என்று கார்டு வழங்கும் வங்கிக்குப் போகும் பங்குக்குச் சட்டம் ஓர் உச்சம் வைத்திருக்கிறது. ஆனால் சிறு கடை உண்மையில் கொடுப்பது அதைப் பல மடங்கு தாண்டிவிடுகிறது. சம்அப் என்ற நிறுவனம் 1.69 சதவீதமும் ஸெட்டில் நிறுவனம் 1.75 சதவீதமும் எடுத்துவந்ததை எல்லாரும் அறிவர். வேறு ஒப்பந்தங்களில் ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் சில பென்ஸ் நிலையாக வைத்து, மெஷின் வாடகையும் தனியாக வாங்குகிறார்கள். கொடுப்பனவு முறைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2021 நவம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, அந்தச் சட்ட உச்சத்தால் வந்த சேமிப்பு ஆண்டுக்கு ஐந்து கோடிப் பவுணுக்குக் குறைவாகக் கார்டு விற்பனை உள்ள கடைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று கண்டது. உங்களில் எல்லாருமே அந்த வகைக்குள் வருகிறீர்கள். அதைத் தொடர்ந்து வந்த உத்தரவுகளால், மெஷின் வாடகை ஒப்பந்தம் 18 மாதத்துக்கு மேல் நீளக்கூடாது என்றாகிவிட்டது. பல ஆண்டுக்குக் கட்டிப்போட்ட பழைய ஒப்பந்தத்தில் இன்னும் மாட்டியிருப்பவர்கள், வரம்பை எழுதி ஒட்டுவதை விட்டுவிட்டு அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பதே லாபம்.

ஆனால் கட்டணம் என்ற காரணம் கைபேசியின் உச்சவரம்பை ஒருபோதும் தாங்காது. ஆப்பிளோ கூகிளோ கடையிடமிருந்து தனியாக எதுவும் வாங்குவதில்லை. 150 பவுணுக்குக் கைபேசியைத் தொட்டாலும் அதே கணக்கின் கார்டைச் செருகிப் பின் நம்பர் அடித்தாலும் உங்களுக்கு வரும் கட்டணம் ஒன்றுதான். நிலையான பென்ஸ் வைத்த ஒப்பந்தத்தில் பெரிய தொகைதான் உங்களுக்கு இலாபமும்கூட. கட்டணத்தால் உண்மையில் கடிபடுவது சிறு தொகை, அதாவது ஐந்து பவுணுக்குக் குறைந்தால் கார்டு இல்லை என்ற மற்ற அறிவிப்பு. அது வேறொரு விவாதம், இங்கே விரிவாகப் போகவில்லை. சதவீத ஒப்பந்தத்தில் இரண்டு பவுண் பாலுக்கும் பாணுக்கும் போவது மூன்றரைப் பென்ஸ்தான் என்பதையும், கைபேசி மட்டும் வைத்திருக்கும் இளையவர் பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விடுவார் என்பதையும் மட்டும் சொல்லி விடுகிறேன். லொத்தர் சீட்டைக் காசுக்கு மட்டும் விற்பது என்றால் அது கைபேசிக்கு விதித்த வரம்பல்ல, ஒரு பொருளுக்கு விதித்த விதி. ஐந்து சதவீதக் கழிவில் விற்கும் பொருளுக்கு அப்படி வைப்பதைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று: கார்டில் கட்டினால் கூடுதல் பணம் கேட்பது 2018 ஜனவரி 13 முதல் தனிநபர் கொடுப்பனவுகளில் தடைசெய்யப்பட்டது. செல்லுபடியாகும் கார்டை ஏற்பதற்குக் குறைந்தபட்சத் தொகையோ அதிகபட்சத் தொகையோ விதிக்கக் கூடாது என்று மாஸ்டர்கார்டின் விதிநூலும் சொல்கிறது. எந்தப் பணத்தை ஏற்பது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் கடைக்கு உண்டு என்பது சரி. ஆனால் மெஷினுக்காகக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் அந்தச் சுதந்திரத்தின் ஒரு பகுதியை நீங்கள் ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்.

கடைசியாக, மனச்சாட்சியிலிருந்து வரும் ஒரு மறுப்பு உண்டு. காசை எண்ணிக் கொடுக்கும்போது இருக்கும் வலி ஃபோனைத் தொடும்போது இல்லை, வரம்பை எடுத்துவிட்டால் சனம் கணக்கில்லாமல் செலவழித்துக் கடனில் விழும் என்பது. இதை நான் இலேசாக எடுக்கவில்லை. சூதாட்டத்தில் சிக்கியவர், மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர், கணவனோ மகனோ பணத்தைப் பிடுங்கும் வீட்டில் வாழ்பவர் போன்றோருக்கு வரம்பு ஒரு காப்பு. ஆனால் யாருக்கு அந்தக் காப்பு வேண்டும் என்று கவுண்டரில் நிற்பவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே எண்ணைப் போட்டால், தேவைப்படாதவர் தடுக்கப்படுவார், தேவைப்படுபவருக்கு நூறு பவுணே அதிகமாக இருக்கும். லொயிட்ஸ் குழும வங்கிகள் 2021இலேயே, கார்டுத் தொடுகைக்கு 30 பவுணிலிருந்து 95 பவுண் வரை தாமே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளும் வசதியை வாடிக்கையாளருக்குக் கொடுத்தன. தொட்டுச் செலுத்துவதை முழுவதுமாக நிறுத்தி வைக்கவும் பல வங்கிகளின் செயலிகளில் வழி உண்டு. இத்தகைய வரம்புகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் கார்டோடு நின்றுவிடுகின்றன, கைபேசிக் கொடுப்பனவுக்கும் அவை விரிய வேண்டும். இதை வங்கிகளிடம் கேட்க வேண்டும், நம் சமூக அமைப்புகள் சேர்ந்தே கேட்கலாம். வரம்பு தேவைப்படும் ஒருவருக்கு அதை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் கடைக்காரர், சுவரில் எழுதி ஒட்டுபவரைவிட அவரை நன்றாகக் காக்கிறார்.

அந்தச் சுவர் வரம்பு யாரை உண்மையில் தடுக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். பார்வையில்லாத ஒருவருக்குத் தன் ஐஃபோன் பேசும், தொகையைத் தன் வங்கிச் செயலியில் கேட்டு அறிந்துகொள்ள முடியும். ஆனால் மேடுபள்ளமில்லாத கண்ணாடித் திரை மெஷினில் அவரால் பின் நம்பரை எளிதில் அடிக்க முடியாது. கை நடுங்கும் முதியவருக்கும், நரம்புத் தளர்ச்சியால் விசையைச் சரியாக அழுத்த முடியாதவருக்கும் இதே நிலைதான். இவர்கள் பின் நம்பரை இன்னொருவரிடம் உரத்துச் சொல்லவேண்டி வருகிறது. மாணவராகவோ வேலைக்காகவோ ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்குச் சில வங்கிகள் கணக்குத் திறந்த அன்றே கைபேசியில் கார்டைத் தந்துவிடுகின்றன, பிளாஸ்டிக் கார்டு தபாலில் வரப் பல நாட்கள் ஆகும். அவர் முதல் வாரத்தில் பாத்திரமும் படுக்கையும் அரிசியும் வாங்க நம் கடைக்குத்தான் வருகிறார். அவரிடம் இல்லாத கார்டைக் கேட்டுத் திருப்பி அனுப்புவது நம் கடைகளுக்கு அழகில்லை.

காசை ஒழிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காசை நம்பி வாழ்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, காசு எடுக்கவும் போடவும் வசதி இருக்கும்படி பார்க்கும் அதிகாரத்தை நிதி நடத்தை அதிகாரசபைக்கே தந்திருக்கிறது. காசை வாங்கும் கடை அதைத் தொடர்ந்து வாங்கட்டும். கேட்பதெல்லாம், கைபேசியோடு வருபவரைக் காசோடு வருபவருக்குச் சமமாக நடத்துங்கள் என்பதே.

இந்த வாரத்திலேயே உங்கள் மெஷின் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். "சாதனத்தில் ஆளை உறுதிசெய்த கொடுப்பனவுக்கு என் மெஷினில் என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று அதே வார்த்தைகளில் கேளுங்கள். கார்டுக்கு வைத்த தொகையையே அவர்கள் சொன்னால், அதை உயர்த்தச் சொல்லுங்கள், மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், செய்ய முடியாது என்றால் ஒப்பந்தம் முடியும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நூறு பவுணுக்கு மேல் ஒரு கொடுப்பனவை உங்கள் சொந்தக் கைபேசியிலிருந்தே போட்டுச் சரிபாருங்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு, கைபேசிக்கு நம் கடையில் வரம்பில்லை, மறுத்தால் அது வாடிக்கையாளரின் வங்கி மறுத்தது என்று சொல்லிக்கொடுங்கள். சுவரில் இருக்கும் காகிதத்தை இன்றே எடுத்துவிடுங்கள்.